இருநூற்றுப் பன்னிரண்டு கட்டுகள்

காரைக்குடியில் நான் பார்த்த முதல் வேலை ஒரு வீட்டின் காகிதங்களை ஒழுங்குபடுத்துவது. இருபத்துமூன்று நாளில் அதை முடித்தேன். நான் செய்த ஒழுங்கைச் சரிசெய்யப் பிறகு ஒன்பது மாதம் ஆனது.

வீடு செக்காலைப் பக்கம். முன்தெருவில் வாசல், பின்தெருவில் கொல்லை. வரவு செலவுப் பேரேடுகள் எல்லாம் வேறு அறையில், வேறு ஆளின் பொறுப்பில் இருந்தன. என்னிடம் வந்தவை மற்ற எழுத்துகள். சம்பந்தம் பேசியது, சுவீகாரம் எடுத்தது, பாகம் பிரித்தது, கோயிலுக்கு எழுதிக் கொடுத்தது, அடுத்த வீட்டோடு சண்டை போட்டது, அந்தச் சண்டை தீர்ந்தது. வீட்டின் இரண்டாம் கட்டில் ஒரு சின்ன அறை நிறைய அவை இருந்தன. பழையவை ஓலை. ஓலை உளுத்துப் போகுமே என்று வீட்டுக்காரர் தம் கடைசிக் காலத்தில் ஓர் எழுத்தரை வைத்து எல்லாவற்றையும் காகிதத்தில் நகல் எடுத்திருந்தார். அதை முடித்த சில மாதங்களில் அவர் காலமானார்.

என்னை வேலைக்கு வைத்தவர் அவருடைய தம்பி. ரங்கோனில் இருந்து வந்தவர்.

"அங்கே வெள்ளைக்காரன் ஆபீசுல எந்தக் கடுதாசி கேட்டாலும் அஞ்சு நிமிஷத்துல எடுத்து நீட்டுறான் பிள்ளை. இங்க ஒரு கடுதாசி வேணும்னா ஆச்சி வந்தாத்தான் ஆகுது. ஆச்சி எத்தனை நாளைக்கு இதைக் கட்டிக்கிட்டு அழுவாக? நீங்க படிச்சவுக. பேர்வாரியா, வருஷவாரியா அடுக்கிருங்க" என்றார்.

ஆச்சி என்று அவர் சொன்னது காலமானவரின் மனைவியை. அப்போது ஆச்சிக்கு ஐம்பது வயது இருக்கலாம். ஒக்கூரில் மகள் காய்ச்சலில் படுத்துவிட்டாள் என்று ஆடி மாதமே அங்கே போயிருந்தார். அவர் திரும்புவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்று உத்தரவிட்டுவிட்டுத் தம்பியும் கப்பல் ஏறிவிட்டார்.

எண்ணாமல் எந்த வேலையையும் தொடங்குவது எனக்கு ஆகாது. முதலில் எண்ணினேன். துணியில் சுற்றிய கட்டுகள் இருநூற்றுப் பன்னிரண்டு. அவிழ்த்தால், ஓலை ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு. காகிதம் முந்நூற்று எண்பத்தெட்டு. ஒவ்வொரு கட்டிலும் ஓலையும் காகிதமும் கலந்து கிடந்தன. ஒரே கட்டில் நாலு பேருடைய எழுத்து, நாலு வருஷத்து எழுத்து. படிக்காதவர்கள் கட்டியது என்று நினைத்தேன். அப்படியே மனசுக்குள் சொல்லிக்கொண்டேன் என்பதும் நினைவிருக்கிறது.

எல்லாக் கட்டையும் அவிழ்த்தேன். ஓலையை ஓலையோடு சேர்த்துத் தகரப் பெட்டிகளில் போட்டேன். இனி அவை வேண்டியதில்லை, நகல்தான் இருக்கிறதே. காகிதங்களைப் பெயர்வாரியாகப் பிரித்தேன். ஒவ்வொரு பெயருக்குள்ளும் வருஷவாரியாக அடுக்கினேன். சிவப்பு மையில் அட்டவணை எழுதினேன். அட்டவணை நாற்பத்தொரு பக்கம் வந்தது. அதைப் போல அழகான ஒன்றை அதற்குப் பிறகு நான் எழுதவில்லை.

அறையின் மூலையில் ஒரு பழைய நோட்டும் கிடந்தது. பென்சிலில், கோணல் எழுத்தில், 'தண்ணி', 'சுவர்', 'பொண்ணு குடுத்தது' என்று என்னென்னவோ எழுதியிருந்தது. சமையல்கட்டு நோட்டு என்று நினைத்து ஜன்னலோரம் வைத்துவிட்டேன்.

ஆவணிக் கடைசியில் மேற்கே அடுத்த வீட்டுக்காரர், மேலவீட்டுக்காரர் என்பார்கள், வந்தார். அறுபது வயதுக்காரர். மலேயாவில் நெடுநாள் இருந்துவிட்டு, மகள் கல்யாணத்துக்காக ஊர் வந்திருந்தார். பந்திக்கு இடம் போதாது என்று வீட்டின் கிழக்குப் பக்கம் ஒரு கூடம் எழுப்ப நினைத்தார். அந்தக் கிழக்குப் பக்கத்தில்தான், இரண்டு வீட்டுக்கும் நடுவே, வரத்துக்கால் போகிறது. மழை பெய்தால் வடக்கே செம்மண் காட்டில் விழுகிற தண்ணீர் அத்தனையும் அந்தக் காலின் வழியாகத்தான் ஊருணிக்கு வரும். எங்கள் ஐந்து தெருவுக்கும் குடிதண்ணீர் அந்த ஊருணிதான். கிணறு எல்லாம் உப்பு.

"அந்த வரத்துக்காலைப் பத்தி உங்க வீட்டுல எழுத்து ஏதும் இருக்கா பிள்ளை?" என்று கேட்டார்.

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எழுந்தேன். அட்டவணையைப் புரட்டினேன். நாலு நிமிஷத்தில் எடுத்து நீட்டினேன். 'வரத்துக்காலின் மேல் மேலவீட்டார் சுவர் வைத்துக்கொள்ள எங்களுக்குச் சம்மதம்' என்று இருந்தது. கீழே காலமான வீட்டுக்காரரின் பெயரும் தலைப்பெழுத்தும். ஆங்கீரச வருஷம், சித்திரை மாதம். அதாவது போன வருஷம். அந்தச் சித்திரையில் அவர் உயிரோடு இருந்தார், ஊரிலும் இருந்தார். எல்லாம் பொருந்தியது.

"அட, எழுதியே குடுத்திருக்காக! நான் மலேயாவுல இருந்தப்ப எந்தம்பி கேட்டு வாங்கியிருப்பான் போல. படிச்ச ஆளு இருந்தா வீட்டுக்கு வெளிச்சந்தான் பிள்ளை" என்று அவர் சொல்லிப் போனார். அன்று இரவு எனக்குச் சாப்பாடு கொஞ்சம் கூடுதலாகவே இறங்கியது.

ஐப்பசி பதினொன்றாம் தேதி கடைக்கால் தோண்ட நாள் குறித்தார்கள். ஐப்பசி நாலாம் தேதி ஆச்சி ஒக்கூரிலிருந்து வந்து வண்டியை விட்டு இறங்கினார். இறங்கிய இடத்திலிருந்தே பார்த்திருக்கிறார். வரத்துக்காலின் குறுக்கே முளை அடித்து, கயிறு கட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது.

வீட்டுக்குள் வந்தவர் கால் கழுவவில்லை. நேரே என்னிடம் வந்தார்.

"யாரு பிள்ளை கோடு போட்டது?"

நான் பெருமையோடு விவரத்தைச் சொன்னேன். நாலு நிமிஷம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

"எங்க, அந்தக் கடுதாசி எழுத்தைச் சொல்லுங்க."

சொன்னேன்.

"பிள்ளை, அது எங்க வீட்டுக்காரவுக எழுதுனது இல்லை. அவுக ஐயா, அப்பாவைப் பெத்தவுக, எழுதுனது. பேரன் பேரும் அதுதானே, தலைப்பெழுத்தும் அதுதானே. வருஷமும் அறுவது கழிச்சுத் திரும்பி வருமில்லை?"

தமிழ் வருஷப் பெயர் அறுபதையும் மூச்சு விடாமல் ஒப்பித்துப் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவன் நான். அறுபது முடிந்தால் மறுபடி முதல் பெயர் வரும் என்று எனக்குத் தெரியும். இவர்கள் வழக்கத்தில் தாத்தா பெயர் பேரனுக்கு வரும் என்பதும் தெரியும். இரண்டும் ஒரே காகிதத்தில் சேர்ந்து வந்தால் என்ன ஆகும் என்று மட்டும் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. தாத்தா ஓர் ஆங்கீரசத்தில் கையெழுத்துப் போட்டார். பேரன் அடுத்த ஆங்கீரசத்தில் செத்துப்போனார். நான் தாத்தாவின் எழுத்தைப் பேரன் தலையில் வைத்தேன்.

"சம்மதம் குடுத்தது நெசந்தான்" என்றார் ஆச்சி. "சுவரும் கட்டுனாக. ரெண்டு மழைக்கு ஊருணி நெறையலை. அப்புறம் ரெண்டு வீட்டாரும் உக்காந்து, சுவத்தை இடிச்சு, இனிமே யாரும் அதுல கல்லு வைக்கிறதில்லைன்னு எழுதுனாக. ரெண்டும் ஒரே கட்டுல இருந்துச்சே. ஒண்ணை எடுத்தா இன்னொண்ணு கூடவே வருமே. அதை எங்க வச்சீக?"

நான் அறையைத் திறந்து காட்டினேன். ஆச்சி உள்ளே வந்து நின்றார். பெட்டிகளையும் அட்டவணையையும் பார்த்தார். எத்தனை கட்டு மிச்சம் இருக்கிறது என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன்.

அவர் கத்தியிருந்தால் எனக்குத் தேவலை. "நல்லா சுத்தமாத்தான் வச்சிருக்கீக" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனார்.

மறுநாள் காலை இருவரும் தேட உட்கார்ந்தோம். சுவரை இடித்த எழுத்து அடுத்த வருஷமான ஸ்ரீமுகத்தில் எழுதியது என்பது ஆச்சிக்கு நினைவிருந்தது. என் அட்டவணையில் அந்தப் பெயரின் கீழ் ஸ்ரீமுகம் என்று ஒரு காகிதமும் இல்லை. இரண்டு முறை பார்த்தேன். மூன்றாம் முறை விரல் வைத்துப் பார்த்தேன்.

"கணக்குல சேராத கடுதாசி எதையாச்சும் தனியா ஒதுக்குனீகளா?" என்று கேட்டார்.

ஒதுக்கியிருந்தேன். பதினொரு காகிதம். 'தேதி பிழை' என்று எழுதி ஓர் உறையில் போட்டிருந்தேன். நாங்கள் அப்போது இருந்ததே ஸ்ரீமுக வருஷம். நான் அடுக்கியது ஆவணியில். அந்தப் பதினொன்றிலும் ஸ்ரீமுக வருஷம் மார்கழி, பங்குனி என்று, இன்னும் வராத மாதங்கள் இருந்தன. நகல் எடுத்தவர் பிசகி எழுதிவிட்டார் என்று முடிவு கட்டியிருந்தேன்.

ஆச்சி சிரித்தே விட்டார். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் வராத மாசத்துல எவன் பிள்ளை கையெழுத்துப் போடுவான்? பதினோரு கடுதாசி வரிசையா நின்னு, நாங்க பழசு, நாங்க பழசுன்னு கத்தியிருக்கு. நீங்க அதுகளைப் பிடிச்சு உறைக்குள்ள போட்டு வாயை அடைச்சிட்டீக" என்றார்.

அதில் நாலாவது காகிதம் எங்களுக்கு வேண்டியது. ஸ்ரீமுக வருஷம், கார்த்திகை மாதம்.

அதை எடுத்துக்கொண்டு மேலவீட்டுக்குப் போனோம். ஆச்சி வளவு முற்றத்தில் நின்றார். நான் கொடுத்தேன். அவர் கண்ணாடி போட்டுப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"கார்த்திகை மாசமா? இப்ப ஐப்பசி அஞ்சு. ஆச்சி, வரப்போற மாசத்துக்கு இப்பவே எழுதிட்டீகளா?"

"அது அறுவது வருசத்துக்கு முந்தின கார்த்திகை, அண்ணே."

"அப்ப ஆவணியில பிள்ளை குடுத்தது?"

"அதுவும் அறுவது வருசத்துக்கு முந்தினதுதான்."

"பிள்ளை குடுத்தா போன வருசத்துது. ஆச்சி வந்தா அறுவது வருசத்துது." என் பக்கம் திரும்பினார். "கடுதாசி புதுசாத்தானே இருக்கு? மை காஞ்சிருச்சா பிள்ளை?"

நானே எழுதிக்கொண்டு வந்தேனோ என்ற சந்தேகம் அவருக்கு. அவர் சொன்னதில் தப்பும் இல்லை. நகலில் யாருடைய கையெழுத்தும் இல்லை, எழுத்தர் எழுதிய எழுத்துதான் இருந்தது. ஆச்சி முகம் மாறாமல் கேட்டார்:

"ஓலையைக் காட்டுனா ஒத்துக்கிறீகளா அண்ணே? உங்க ஐயா கையெழுத்து அதுல இருக்கு."

"காட்டுங்க. எங்க ஐயா கையெழுத்தை நான் பார்த்தா தெரியும். ஆனா பதினொண்ணாந் தேதிக்கு அப்புறம் கொண்டாந்தா நான் பொறுப்பில்லை. வேலையாளுக்குச் சொல்லியாச்சு. நாளு தவறுனா அடுத்த நாளு கல்யாணத்துக்குள்ள இல்லை."

ஆறு நாள். ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு ஓலை. பழைய எழுத்தை ஓர் ஓலைக்கு ஐந்து நிமிஷம் என்று வைத்தாலும், நாளுக்குப் பத்து மணி நேரம் படித்தாலும், ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். பாதையில் நடக்கும்போதே கணக்குப் போட்டு ஆச்சியிடம் சொன்னேன். "எல்லாத்தையும் எதுக்குப் படிக்கணும்?" என்று கேட்டுவிட்டு, ஜன்னலோரம் இருந்த தம் பென்சில் நோட்டை எடுத்தார்.

அன்றுதான் அதை உட்கார்ந்து படித்தேன். அதில் பெயர் வரிசை இல்லை, வருஷ வரிசையும் இல்லை. என்ன காரியத்துக்காக ஒருவன் அந்த எழுத்தைத் தேடி வருவானோ அந்தக் காரியம்தான் தலைப்பு. 'தண்ணி' என்ற தலைப்பின் கீழ் இப்படி இருந்தது: 'கட்டு 87. வரத்துக்கால். கேட்டு வரக்கூடியவுக மேலவீட்டார், ஊருணிக்காரவுக. சுவர்லயும் பார்.' சுவர் என்ற பக்கத்தைப் புரட்டினால் அங்கேயும் அதே எண்பத்தேழு. அங்கே 'தண்ணியிலயும் பார்.' ஒரு கட்டு மூன்று நாலு தலைப்பின் கீழ் வந்தது. நாற்பத்தொரு பக்கம் சிவப்பு மையில் நான் எழுதிய அட்டவணையில் 'தண்ணீர்' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. யாரும் எங்கள் வாசலில் வந்து நின்று ஆங்கீரச வருஷம் இருக்கிறதா என்று கேட்டதில்லை. தண்ணீருக்கும் சுவருக்கும் பெண்ணுக்கும்தான் வந்தார்கள்.

"இப்ப கட்டு எண்ணு உதவாது. கட்டே இல்லையே" என்றேன்.

"அதுக்குக் கீழ பாருங்க."

கீழே: 'ஓலை மூணு, கடுதாசி ரெண்டு. ஒரு சாண் நாலு விரல்.' ஒவ்வொரு கட்டுக்கும் அப்படி ஓர் அளவு எழுதியிருந்தது. ஒரு காரியத்தை எழுத உட்கார்ந்தால் ஓலையை ஒரே அளவாக நறுக்கித்தான் எழுதுவார்கள். இன்னொரு காரியத்துக்கு இன்னோர் அளவு. கட்டு கலைந்து போகும் என்று நினைத்து ஆச்சி அதை எழுதவில்லையாம். கட்டுக்குத் துணி தைக்க அளவு வேண்டுமே என்று எழுதினாராம்.

சாண் என்பது ஆச்சியின் சாண். ஒரு தென்னை ஈர்க்கை எடுத்துத் தம் கையை வைத்து அளந்து ஒடித்து என்னிடம் கொடுத்தார். நான் பெட்டியிலிருந்து ஒவ்வோர் ஓலையாக எடுத்து ஈர்க்கோடு வைத்துப் பார்த்து, பொருந்தினால் வலப்பக்கம், பொருந்தாவிட்டால் இடப்பக்கம் போட்டேன். படிக்க வேண்டியதில்லை, பார்த்தால் போதும். இரண்டு நாளில் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறும் முடிந்தது. பொருந்தியவை ஐம்பத்தெட்டு. அந்த ஐம்பத்தெட்டை மூன்றாம் நாள் மத்தியானத்துக்குள் படித்தோம்.

சம்மத ஓலை கிடைத்தது. சுவரை இடித்த உடன்படிக்கையின் முதல் ஓலை, அதாவது கட்டின் இரண்டாம் ஓலை, கிடைத்தது. 'வரத்து அடைபட்டு ஊருணி இரண்டு மழைக்கும் நிறையாதபடியால்' என்று தொடங்கி, பாதி வாக்கியத்தில் நின்றது. மிச்சமும் கையெழுத்துகளும் இருக்கிற மூன்றாம் ஓலை இல்லை.

ஐம்பத்தெட்டையும் மறுபடி பார்த்தேன். இல்லை. தேதி எட்டு முடிந்தது. ஒன்பதாம் தேதி காலையில் தெருவில் செங்கல் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. ஒரு வண்டி, இரண்டாவது வண்டி, மூன்றாவது. அதையும் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆச்சி இரண்டாம் ஓலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே, "நீங்க கட்டை அவிழ்த்தப்ப ஓலை எதுவும் ஒடிஞ்சுச்சா?" என்றார்.

ஒடிந்திருந்தது. சில ஓலைகளின் நுனி கையோடு வந்தது. ஒடிந்த துண்டுகளைக் குப்பையில் போட்டிருந்தேன். ஆமாம் என்று தலையை அசைத்தேன்.

"அப்ப நீளத்தை நம்ப வேண்டாம்" என்றார். "நுனி ஒடியும். ஓட்டை நகராது."

கயிறு கோக்க ஓலையில் இரண்டு துளை போடுவார்கள். ஒரு காரியத்து ஓலைகளை ஒன்றாக அடுக்கித் துளைப்பதால் இரண்டு துளைக்கும் நடுவே இருக்கிற தூரம் எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருக்கும். ஆச்சி வேறோர் ஈர்க்கை எடுத்து, கிடைத்த ஓலையின் துளைக்குத் துளை வைத்து ஒடித்தார். இம்முறை இடப்பக்கக் குவியல். ஆயிரத்து எண்பத்தெட்டு. நுனி ஒடிந்தவற்றை மட்டும் பொறுக்கினால் எழுபத்து மூன்று. நாற்பதாவது ஓலையோ நாற்பத்தோராவதோ, இதை மட்டும் எண்ண மறந்துவிட்டேன், துளையில் ஈர்க்கு சரியாக உட்கார்ந்தது. ஆச்சி வாங்கி இரண்டாம் ஓலையின் மேல் வைத்தார். பாதியில் நின்ற வாக்கியம் தொடர்ந்தது. கீழே ஐந்து கையெழுத்து.

பத்தாம் தேதி காலை மேலவீட்டுக்காரர் அந்த ஓலையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"எங்க ஐயாதான். நான் போடுற கையெழுத்து மாதிரியே இருக்கு" என்றார். பிறகு, "எங்க ஐயாவும் கெட்டிக்காரவுகதான். கட்டியும் பார்த்திருக்காக, இடிச்சும் பார்த்திருக்காக. நாம இடிக்கிற செலவாச்சும் மிச்சம்" என்று சொல்லிவிட்டு, வெளியே நின்ற கொத்தனாரைக் கூப்பிட்டார். "முளையைப் பிடுங்கி ஏழடி உள்ள தள்ளி அடிங்கப்பா. பந்தியில ஒரு வரிசை குறையட்டும்."

என்னிடம் வந்து, "மை காஞ்சிருச்சான்னு கேட்டேன் பிள்ளை. மனசுல வச்சுக்காதீக" என்றார். வைத்துக்கொள்ளத்தான் செய்தேன். ஆனால் அவர் மேல் அல்ல.

அன்று சாயங்காலமே ஆச்சி மூன்று ஓலையையும் இரண்டு காகிதத்தையும் சேர்த்துத் துணியில் சுற்றி, எண்பத்தேழு என்று எழுதிக் கட்டினார். என்னை வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று எதிர்பார்த்து என் சட்டைகளை, நாலுதான், மடித்து வைத்திருந்தேன். ஆச்சி நோட்டை என் முன் வைத்தார். "மிச்சம் இருநூத்திப் பதினொண்ணு. அவிழ்த்தவுகதான் கட்டணும். ஆனா உங்க சிவப்பு மையைத் தூக்கிப் போட்டுறாதீக. ஒவ்வொண்ணுலயும் இங்கிலீஷ் வருசத்தைப் போட்டுருங்க. அது திரும்பி வராது" என்றார்.

அடுத்த ஆனிக்குள் நூற்றுத் தொண்ணூற்றாறைக் கட்டினேன். பதினைந்து கட்டுகளின் ஓலைகள் ஒன்றோடொன்று கலந்து, எத்தனை அளந்தும் பிரியவில்லை. அவற்றை மொத்தமாக ஒரு துணியில் சுற்றி, நோட்டில் ஒரு புதுத் தலைப்பு எழுதினார் ஆச்சி: 'பிள்ளை கலைச்சது. எதைத் தேடிக் கிடைக்கலைன்னாலும் இங்க பார்.' இந்த வயதிலும் அந்தப் பதினைந்து என்னைத் தூங்க விடுவதில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் வேலை பார்த்த மூன்று ஆபீசிலும், எவ்வளவு பெரிய படிப்புப் படித்தவர் அடுக்கியதிலும், 'இங்கே இல்லையென்றால் அங்கே பார்' என்று எழுதி வைத்த ஓர் அட்டவணையை நான் பார்க்கவில்லை.

மழை ஐப்பசி இருபத்திரண்டாம் தேதி வந்தது. விடிந்ததும் வரத்துக்காலைப் பார்க்கப் போனேன். மேலவீட்டுக்காரர் எனக்கு முன்பே குடையைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்றார். புதிதாகத் தோண்டிய கடைக்காலுக்கு ஏழடி இப்பால், செம்மண் கரைத்த தண்ணீர் காலின் இரு கரையும் தொட்டு, சருகும் வேப்பங்குச்சியும் தள்ளிக்கொண்டு, ஊருணிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. மறுநாள் காலை பெண்கள் குடத்தோடு ஊருணிக்கு வந்தபோது, மேலிருந்து ஏழாவது படிவரை தண்ணீர் ஏறி நின்றது.